‘பிஆர்’ என்றால் அழுத்தமா, மழையா? ஒரு வானிலைக் கோப்புக்குப் பெயர் வைத்த பதிவு

கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி வளாகத்தில் தானியங்கி வானிலை நிலையம் ஒன்று நிற்கிறது. அதன் நான்கு வருடத் தரவைக் கேட்டு வாங்கினேன். பத்து நிமிடத்துக்கு ஒரு வரி. வருடத்துக்கு 52,560 வரி என்றால் நான்கு வருடத்துக்கு 2 லட்சத்தைத் தாண்டும். எல்லாமே கமா போட்டுப் பிரித்த சாதாரண எழுத்துக் கோப்புகள். இவற்றை, அலகு போன்ற விவரங்களைத் தரவோடு சேர்த்தே வைக்கும் நெட்சிடிஎஃப் கோப்பாக மாற்றி, நான் ஓட்டி வைத்திருந்த டபிள்யூஆர்எஃப் என்ற வானிலைக் கணினி மாதிரியின் வெளியீட்டோடு ஒப்பிட வேண்டும் என்பது திட்டம். பைத்தானில் மாற்றும் நிரலை எழுத அரை நாள் போதுமாக இருந்தது. தலைப்பு வரியில் இருந்த பத்துப் பெயர்களுக்குத்தான் மூன்று வாரம் போனது.

அந்தப் பத்தும் இவைதான்: டெம்ப், ஆர்எச், பிஆர், டபிள்யூஎஸ், டபிள்யூஎஸ்மேக்ஸ், டபிள்யூடி, ரெய்ன், ராட், எஸ்டி, எல்டபிள்யூ. அலகு ஒன்றுக்கும் எழுதவில்லை. நிலையத்தை நிறுவியவர்களுக்கு இது போதுமாக இருந்திருக்கும். வெளியிலிருந்து வருகிற ஆளுக்குப் போதாது. ‘எல்டபிள்யூ’வைப் பார்த்ததும் நான் நெட்டலைக் கதிர்வீச்சு என்று நினைத்தேன். வேளாண் துறையில் வேலை பார்க்கும் தோழி அதே எழுத்துகளைப் பார்த்து, “இலை ஈரம்தானே, இதுல என்ன சந்தேகம்?” என்றாள். அவள் சொன்னதுதான் சரி.

இந்தக் குழப்பத்துக்காகவே சிஎஃப் மரபு என்று ஒன்று இருக்கிறது. காலநிலை, வானிலை முன்கணிப்புத் தரவுகளை நெட்சிடிஎஃப்பில் எப்படி எழுதி வைப்பது என்பதற்கான பொது விதித்தொகுப்பு. 1995இல் வந்த கோர்ட்ஸ் மரபிலிருந்து வளர்ந்து, 2003இல் முதல் பதிப்பு வெளியானது. அதோடு சேர்ந்தது நிலைப்பெயர்ப் பட்டியல். அதில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரையறை, ஒரு அடிப்படை அலகு. பெயர்கள் ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில், சொல்லுக்குச் சொல் அடிக்கோடு போட்டு எழுதப்பட்டவை. இங்கே அவற்றை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன், அடிக்கோட்டை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன்.

புதிதாக வருபவர்கள் முதலில் இடறுகிற இடம் ஒன்று உண்டு. கோப்பில் மாறியின் (அதாவது ஒவ்வொரு நெடுவரிசை அளவின்) பெயர் வேறு, நிலைப்பெயர் வேறு. முதலாவது நாம் வீட்டில் கூப்பிடுகிற பெயர் மாதிரி. ‘டெம்ப்’ என்றும் வைக்கலாம், ‘டி2’ என்றும் வைக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டாவது ரேஷன் கார்டில் இருக்கிற பெயர். அது பட்டியலில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். ஆகவே பழைய நிரல்கள் உடையுமே என்று பயந்து ‘டெம்ப்’பை நீக்கத் தேவையில்லை. பக்கத்தில் ‘ஏர்_டெம்பரேச்சர்’ என்று ஒரு பண்பை, அதாவது மாறியோடு ஒட்டிய குறிப்பை, சேர்த்தால் போதும்.

வெப்பநிலையும் ஈரப்பதமும் ஒரே மாலையில் முடிந்தன. ‘ஏர்_டெம்பரேச்சர்’ அடிப்படை அலகு கெல்வின். என் எண்களோ செல்சியஸ். மாற்றத் தேவையில்லை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றக்கூடிய அலகாக இருந்தால் சிஎஃப் ஏற்றுக்கொள்ளும். ‘ரிலேட்டிவ்_ஹியூமிடிட்டி’யும் அப்படியே. அடிப்படை அலகு 1, கோப்பில் %. அலகை மட்டும் தெளிவாக எழுதினேன். வெப்பமானிக் கூடு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று டேப் பிடித்துப் பார்த்தேன். 1.7 மீட்டர். மாதிரி தருவது 2 மீட்டர் என்பதால் நிலையத்துக்கும் 2 என்றே போட்டுவிடும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது. உலக வானிலை அமைப்பு சொல்கிற 1.25 முதல் 2 மீட்டர் வரம்புக்குள்தான் 1.7 வருகிறது. அப்படி இருக்கும்போது உண்மையான உயரத்தையே எழுதிவிடலாமே. உயரம் பெயருக்குள் வராது. பக்கத்தில் ஒற்றை மதிப்புள்ள ஆயமாக, அதாவது அளவு எந்த இடத்தினுடையது என்று சொல்லும் எண்ணாக, தனியே உட்கார வேண்டும்.

அப்புறம் ‘பிஆர்’. காலநிலை மாதிரிகளின் பன்னாட்டு ஒப்பீட்டுத் திட்டமான சிமிப் தரவில் ‘பிஆர்’ என்றால் மழைப்பொழிவுப் பாயம், அதாவது ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு விழும் நீரின் நிறை. நிலையத்து ‘பிஆர்’ அழுத்தம் என்பது எண்ணைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, 964, 965 என்று ஓடியது. ஆனால் எந்த அழுத்தம்? பட்டியலில் ‘சர்ஃபேஸ்_ஏர்_பிரஷர்’ இருக்கிறது, ‘ஏர்_பிரஷர்_அட்_மீன்_சீ_லெவல்’ இருக்கிறது, வெறும் ‘ஏர்_பிரஷர்’ இருக்கிறது. மூன்றுக்கும் அலகு பாஸ்கல்தான். கோயம்புத்தூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 411 மீட்டர் உயரம். கடல்மட்டத்தில் 1010 ஹெக்டோபாஸ்கல் என்றால் இந்த உயரத்தில் 964 அளவில் வரவேண்டும். கணக்குச் சரியாக இருந்தது. ‘சர்ஃபேஸ்_ஏர்_பிரஷர்’ என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன்.

நான்கு வருடத்துக்கும் சேர்த்து வரைபடம் போட்டபோதுதான் மூன்றாவது வருடத்தின் நடுவில் கோடு படிக்கட்டு மாதிரி ஏறி நிற்பதைப் பார்த்தேன். ஒரு நாள் மதியம் வரை 963. இடையில் மூன்று மணி நேரம் தரவு இல்லை. திரும்பி வந்தபோது 1009. அதிலிருந்து கடைசி வரை அப்படியேதான்.

நிலையத்தைப் பராமரிக்கிற அண்ணனுக்குப் போன் போட்டேன். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், அந்தக் கம்பத்தின் ஒவ்வொரு திருகாணியும் அவருக்குத் தெரியும்.

“ஏனுங்கண்ணா, ரெண்டு வருசத்துக்கு முன்னால அழுத்தமானிய மாத்துனீங்களா?”

“அழுத்தமானிய மாத்துலீங் அம்மிணி. பதிவுப் பெட்டி கெட்டுப்போச்சு, புதுசு வெச்சோம். புதுப் பெட்டில கடல்மட்டத் திருத்தம்னு ஒண்ணு கேட்டுது, போட்டு வுட்டேன்.”

மறுநாள் நேரில் போய், இரண்டு பேருமாகப் பெட்டியின் அமைப்புத் திரையைத் திறந்து பார்த்தோம். 46.3 என்று ஓர் எண் இருந்தது. பெட்டி செய்வது வேறொன்றுமில்லை. உணரி அளக்கிற அழுத்தத்தோடு எப்போதும் 46.3ஐக் கூட்டிப் பதிகிறது.

ஒரே நெடுவரிசைக்குள் இரண்டு அளவுகள் இருந்தன என்பது இதோடு தெளிவானது. இரண்டாம் பகுதிக்கு மட்டும் கடல்மட்ட அழுத்தம் என்று பெயர் கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன். கொடுக்கக்கூடாது என்று முடிவெடுத்ததற்குக் காரணம் உண்டு. நிலைய அழுத்தத்தைக் கடல்மட்டத்துக்கு இறக்கும்போது இடையில் இருக்கிற காற்றின் வெப்பநிலை கணக்கில் வரும். 411 மீட்டருக்குக் கணக்குப் போட்டால் 20 டிகிரியில் கூட்ட வேண்டியது சுமார் 47.4, 35 டிகிரியில் சுமார் 45. இரண்டுக்கும் 2 ஹெக்டோபாஸ்கலுக்கு மேல் வித்தியாசம். எப்போதும் 46.3ஐக் கூட்டிய எண்ணைக் கடல்மட்ட அழுத்தம் என்று எழுதினால், யாராவது அதை ஒரு தாழ்வுப் பகுதியின் வரைபடத்தில் வைத்து ஏமாந்துபோவார்கள். 46.3ஐக் கழித்துவிட்டு, நான்கு வருடத்தையும் ‘சர்ஃபேஸ்_ஏர்_பிரஷர்’ ஆக்கினேன். உணரி தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் மேலே இருக்கிறது, அதனால் கறாராகப் பார்த்தால் இது தரையழுத்தமும் இல்லை. ஆனால் ஒன்றரை மீட்டருக்கு வரும் வித்தியாசம் 0.16 ஹெக்டோபாஸ்கல்தான். அதைக் குறிப்புப் பண்பில் ஒரு வரியாக எழுதிவிட்டு விட்டேன்.

அழுத்தத்தால் இன்னொரு லாபமும் கிடைத்தது. நேர நெடுவரிசை இந்திய நேரமா, உலகப் பொது நேரமா என்று கோப்பில் எங்கேயும் இல்லை. நம் வெப்பமண்டலத்தில் அழுத்தம் தினமும் இரண்டு முறை ஏறி இறங்கும். உள்ளூர் நேரம் காலை 10, இரவு 10 மணி வாக்கில் உச்சம், அதிகாலை 4, மாலை 4 மணி வாக்கில் பள்ளம். நான்கு வருடத்தையும் மணிவாரியாகச் சராசரி எடுத்தேன். உச்சம் 10 மணிக்கே விழுந்தது. ஆக, இந்திய நேரம்தான். பெட்டி மாற்றிய பிறகான பகுதியைத் தனியாக எடுத்தும் பார்த்தேன், அதுவும் அப்படியே. எல்லா நேரத்தையும் ஐந்தரை மணி பின்னால் தள்ளிப் பொது நேரத்தில் எழுதினேன்.

இனி மழை. அதிக நாள் பிடித்தது இதற்குத்தான்.

‘ரெய்ன்’ நெடுவரிசையில் எண்கள் ஏறிக்கொண்டே போய்த் திடீரென்று 0 ஆகின. பத்து நிமிட மழை என்று நினைத்துக் கூட்டியவர்கள் இதற்கு முன்னால் இருந்திருக்கிறார்கள். அவர்கள் விட்டுப்போன ஒரு சுருக்க அட்டவணையில் ஒரு மாத மழை 4,000 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது. கோயம்புத்தூரில் முழு வருடத்துக்கே அவ்வளவு பெய்யாது.

“இது பத்து நிமிசத்து மழை இல்லீங்களாண்ணா?”

“இல்லீங் அம்மிணி. காத்தால எட்டரைல இருந்து கூட்டிக்கிட்டே வரும். மறுநா எட்டரைக்கு அழிஞ்சுரும். மழைக்கணக்கு எல்லாரும் அப்பிடித்தானுங்க எழுதுவாங்க.”

அவர் சொல்வது உண்மை. இந்திய வானிலைத் துறையின் மழை நாள் காலை 8:30க்கு முடிகிறது, பொது நேரத்தில் அதிகாலை 3:00. முந்தைய 24 மணி நேர மழை, முடிகிற நாளின் தேதியில் எழுதப்படும். 2023 டிசம்பர் 18 என்ற தேதியில் காயல்பட்டினத்துக்கு 95 சென்டிமீட்டர் என்று பதிவானதே, அந்த 24 மணி நேரத்தில் பதினைந்தரை மணி நேரம் 17ஆம் தேதியைச் சேர்ந்தது. தேதியை மட்டும் எழுதி, எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை என்பதை எழுதாமல் விட்டால், மாதிரியோடு ஒப்பிடுகிறவர் நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை எடுத்து, மழை ஒரு நாள் தள்ளிப் பெய்ததாக முடிவு கட்டிவிடுவார்.

ஒவ்வொரு வரியிலிருந்தும் முந்தைய வரியைக் கழித்து, 8:30க்கு மட்டும் தனிக் கவனம் வைத்து, பத்து நிமிட மழையாகப் பிரித்தேன். அதற்குப் பெயர் தேடினால் பட்டியலில் ஒரு குடும்பமே நிற்கிறது. ‘அமவுண்ட்’ என்று முடிவது ஒரு கால அளவில் சேர்ந்த நிறை, சதுர மீட்டருக்கு இத்தனை கிலோகிராம். ‘ஃப்ளக்ஸ்’ என்று முடிவது அதே நிறை, ஒரு நொடிக்கு. ‘திக்னஸ்’ என்ற சொல் வருவது தேங்கிய நீரின் உயரம். ‘ரேட்’ என்பது அந்த உயரம் ஏறும் வேகம். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் நீர் என்பது 1 லிட்டர், அதாவது 1 கிலோகிராம். அதனால் முதலாவதும் மூன்றாவதும் எண்ணில் ஒன்றாகவே இருக்கும், ஏமாற்றும். ஆனால் ‘பிரெசிபிடேஷன்_அமவுண்ட்’ என்று பெயர் வைத்து மில்லிமீட்டர் என்று அலகு எழுதினால் சரிபார்க்கும் நிரல் திருப்பி அனுப்பிவிடும். நிறையும் உயரமும் ஒன்றுக்கொன்று மாற்றக்கூடிய அலகுகள் அல்ல. பாயமாக (ஃப்ளக்ஸாக) எழுதினால் எண் எவ்வளவு சின்னதாகிறது என்றும் பாருங்கள்: பத்து நிமிடத்தில் 6 மில்லிமீட்டர் கொட்டினால், அது நொடிக்கு 0.01 கிலோகிராம்தான்.

மழைமானி சாய்வாளி வகை. ஒவ்வொரு 0.2 மில்லிமீட்டருக்கும் வாளி ஒரு தடவை கவிழும். அது எண்ணுவது நீரின் உயரத்தை. அதனால் ‘திக்னஸ்’ பக்கம் போவது என்று வைத்துக்கொண்டேன். அப்புறம் ‘ரெய்ன்ஃபால்’ஆ, ‘பிரெசிபிடேஷன்’ஆ? முதலாவது மழை மட்டும். இரண்டாவதில் பனி, ஆலங்கட்டி எல்லாம் அடங்கும். இங்கே பனி பெய்யாது என்று ‘ரெய்ன்ஃபால்’ எழுதப் போனேன். அண்ணன்தான், சித்திரையில் ஒரு தடவை ஆலங்கட்டி விழுந்து புனல் அடைத்ததையும், அது உருகிச் சாயங்காலம் வரை வாளி கவிழ்ந்துகொண்டிருந்ததையும் சொன்னார். சரி, அப்படியானால் ‘எல்டபிள்யூஇ_திக்னஸ்_ஆஃப்_பிரெசிபிடேஷன்_அமவுண்ட்’. முதலில் நிற்கிற மூன்று எழுத்துக்கும் பொருள், எல்லாவற்றையும் உருக்கினால் வருகிற நீரின் அளவு என்பது. அந்த மானி செய்கிற வேலையே அதுதான். அதோடு, எண் அந்த நேரத்தின் கூட்டுத்தொகை என்று சொல்லும் ‘டைம்: சம்’ என்ற கட்டமுறைப் பண்பையும், ஒவ்வொரு பத்து நிமிடத்தின் தொடக்கம், முடிவு இரண்டையும் சொல்லும் எல்லை மாறியையும் சேர்த்தேன். இவை இல்லாமல் மழைக்குப் பெயர் முழுமையாகாது என்பது என் உறுதியான கருத்து. எண் எவ்வளவு நேரத்து மழை என்பதை அவைதானே சொல்கின்றன.

காற்றுத் திசைக்குப் பட்டியலில் இரண்டு பெயர்கள்: ‘விண்ட்_ஃப்ரம்_டைரக்‌ஷன்’, ‘விண்ட்_டு_டைரக்‌ஷன்’. வருகிற திசை, போகிற திசை. நமக்கு இதில் சிரமமே இருக்கக்கூடாது. வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து வந்தால் தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. தமிழ் எப்போதுமே காற்றை அது வருகிற திசையை வைத்துத்தான் அழைத்திருக்கிறது. வானிலைத் துறையின் வழக்கமும் அதுவே. ஆனால் கருவி எதை எழுதுகிறது என்பதைச் சோதித்துப் பார்க்காமல் விடக்கூடாது. சோதிக்கக் கோயம்புத்தூரைப் போல வசதியான ஊர் கிடையாது. தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று மேற்கிலிருந்து விடாமல் வீசும். ஜூலை மாதத்தை மட்டும் எடுத்துப் பார்த்தேன், பெரும்பாலான வரிகள் 240 முதல் 280 டிகிரிக்குள். வருகிற திசைதான். 60, 80 என்று இருந்திருந்தால் பெயரை மாற்ற வேண்டும், அல்லது திசைகாட்டியைத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

வேகம் பத்து நிமிடச் சராசரி, திசையோ பத்தாவது நிமிடத்தில் எடுத்த ஒற்றை அளவு. இது பெட்டியின் கையேட்டில் ஒரு மூலையில் இருந்தது. அதனால் ‘விண்ட்_ஸ்பீடு’க்கு ‘டைம்: மீன்’, திசைக்கு ‘டைம்: பாயிண்ட்’. மணிச் சராசரி வேண்டும் என்று திசை எண்களை அப்படியே கூட்டி வகுத்துவிடாதீர்கள். 350க்கும் 10க்கும் சராசரி 180 என்று வரும், வாடை தென்றலாகிவிடும். வேகத்தையும் திசையையும் சேர்த்துக் கிழக்குக் கூறு, வடக்குக் கூறு என்று பிரித்துச் சராசரி எடுத்துத் திரும்பச் சேர்க்க வேண்டும். ‘டபிள்யூஎஸ்மேக்ஸ்’க்கு ‘விண்ட்_ஸ்பீடு_ஆஃப்_கஸ்ட்’ என்ற பெயர் இருந்தாலும், அளந்த தொடரில் ‘விண்ட்_ஸ்பீடு’ என்றே எழுதி ‘டைம்: மேக்ஸிமம்’ என்று குறிக்கலாம் என்று வரையறையே வழி சொல்கிறது. நான் இரண்டாவதை எடுத்துக்கொண்டேன்.

‘ராட்’ சூரியக் கதிர்வீச்சுமானி. கிடையாக வைத்த ஒற்றைக் கண்ணாடிக் குமிழ், மேல்நோக்கிப் பார்க்கிறது. கீழ்நோக்கி ஒன்று இல்லை. ஆகவே தரை திருப்பி அனுப்புவதைக் கழித்த நிகர அளவு என்று சொல்ல வழியே இல்லை. ‘சர்ஃபேஸ்_டவுன்வெல்லிங்_ஷார்ட்வேவ்_ஃப்ளக்ஸ்_இன்_ஏர்’. பெயர் நீளம்தான், ஆனால் எந்த இடத்தில், எந்தப் பக்கம், எந்த அலைநீளம், எந்த ஊடகம் என்று நான்கையும் சொல்லிவிடுகிறது.

‘எஸ்டி’யைத் தரைப்பரப்பு வெப்பநிலை என்று பழைய அறிக்கை ஒன்று சொன்னது. கம்பியைப் பிடித்துக்கொண்டே போனேன். வேலிக்குப் பக்கத்தில் மண்ணுக்குள் இறங்கியது. விரலால் கிளறினால் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் உணரியின் முனை. பரப்பு வெப்பநிலை என்பது காற்றும் மண்ணும் சந்திக்கிற இடத்தினுடையது, மண்ணுக்குள் இருப்பதற்கு அந்தப் பெயர் செல்லாது. நண்பகலில் இரண்டுக்கும் நிறைய வேறுபாடு இருக்கும். ‘சாயில்_டெம்பரேச்சர்’, ஆழம் 0.05 மீட்டர். ‘எல்டபிள்யூ’ தருவதோ 0 முதல் 15 வரை வெறும் எண், இயற்பியல் அலகு கிடையாது. அதற்கு நிலைப்பெயர் எழுதவே இல்லை. விரிவான பெயர்ப் பண்பில் மட்டும், எந்த வகை உணரி, எந்த எண் எதைக் குறிக்கிறது என்று எழுதினேன். பொருந்தாத பெயரை இழுத்துப் போர்த்துவதைவிட இடத்தைக் காலியாக விடுவது நல்லது. உண்மையிலேயே ஒரு பெயர் தேவைப்பட்டால் முன்மொழியலாம், பலர் படித்து விவாதித்துச் சேர்ப்பார்கள். பழைய பெயர்களையும் தூக்கி எறிவதில்லை. கடல்மட்ட அழுத்தத்தின் பெயரில் முன்பு ‘மீன்’ என்ற சொல் கிடையாது. அந்தப் பழைய பெயர் இன்றும் மாற்றுப்பெயராகச் செல்லும்.

கோப்பை எழுதி முடித்துச் சிஎஃப் சரிபார்ப்பானில் ஓட்டினேன். எழுத்துப் பிழை ஒன்று, எல்லை மாறியில் ஒரு பிழை. திருத்தினதும் எல்லாம் பச்சை. அப்புறம் ஒரு சோதனைக்காக, 46.3ஐக் கழிக்காத பழைய அழுத்தத்தை அதே பெயரில் வைத்து ஓட்டிப் பார்த்தேன். அதுவும் பச்சை. பெயர் பட்டியலில் இருக்கிறதா, அலகு பொருந்துகிறதா என்பதற்கு மேல் அந்த நிரலால் பார்க்க முடியாது. அண்ணனின் போன் எண்ணையும் கையில் ஒரு டேப்பையும் வைத்துக்கொண்டுதான் மற்றதைப் பார்க்க வேண்டியிருந்தது.

டபிள்யூஆர்எஃப் பக்கமும் கொஞ்சம் வேலை இருந்தது. அதன் வெளியீட்டில் ‘டி’ என்ற மாறி வெப்பநிலை அல்ல, நிலைவெப்பநிலையிலிருந்து (காற்றை ஒரு பொது அழுத்தத்துக்குக் கொண்டுவந்தால் இருக்கும் வெப்பநிலை) 300 கெல்வினைக் கழித்த மீதி. 300ஐக் கூட்டினால் ‘ஏர்_பொட்டென்ஷியல்_டெம்பரேச்சர்’, அழுத்தத்தைக் கொண்டு மாற்றினால்தான் ‘ஏர்_டெம்பரேச்சர்’. ‘க்யூவேப்பர்’ கலவை விகிதம் (உலர்ந்த காற்றின் நிறைக்கு எவ்வளவு நீராவி), ஆகவே ‘ஹியூமிடிட்டி_மிக்ஸிங்_ரேஷியோ’. அதை, ஈரக்காற்றின் மொத்த நிறைக்கு எவ்வளவு நீராவி என்று சொல்லும் ‘ஸ்பெசிஃபிக்_ஹியூமிடிட்டி’ என்று எழுதினால் நம் ஊர் ஈரத்தில் 2% அளவுக்குத் தவறும். ‘யூ10’ கட்டத்தின் அச்சை ஒட்டிய காற்று, அதனால் ‘எக்ஸ்_விண்ட்’. நான் ஓட்டியது மெர்கேட்டர் வீழலில் (உருண்டைப் பூமியைத் தட்டையான கட்டமாக்கும் ஒரு முறை). அங்கே கட்டத்தின் கிழக்கும் நிஜக் கிழக்கும் ஒன்றே என்பதால் ‘ஈஸ்ட்வர்ட்_விண்ட்’ என்று தைரியமாக எழுதலாம். லாம்பர்ட் வீழலில் ஓட்டியவர்கள் சுழற்றிய பிறகே அந்தப் பெயரைத் தொட வேண்டும்.

காற்றுவேகத்தின் உயரத்தை எழுதும்போது கம்பத்தை அளந்தேன். 3 மீட்டர். மாதிரி தருவது 10 மீட்டர். பெயர் இரண்டுக்கும் ஒன்றேதான், ‘விண்ட்_ஸ்பீடு’. ஆயத்தில் ஒன்றில் 3, மற்றதில் 10. இதை அண்ணனிடம் காட்டியபோது வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பத்து மீட்டர் கம்பம் வாங்கிக் குடுங்கன்னு மூணு வருசமாக் கேக்கறனுங். இத எழுதிக் குடுங்க, காட்டறேன்.”

எழுதிக் கொடுத்தேன். கம்பம் வந்தால், ஏற்றுகிற தேதியையும் நேரத்தையும் குறித்துவைத்து எனக்குச் சொல்வதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். அன்றிலிருந்து வருகிற காற்றை இந்த மாறியில் ஒட்ட மாட்டேன், 10 மீட்டர் ஆயத்தோடு புது மாறி தொடங்கும். அதற்கான இடத்தை நிரலில் இப்போதே விட்டு வைத்திருக்கிறேன்.